தொட்டதுதான் பிழை

"என்ன ஹபோன், ராத்திரியோட ராத்திரியா நுரை பொங்கிடுச்சாமே!"

மூலைக்கடை வாசலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த நாலு பேரில் அதைச் சொன்னது யார் என்று எலிசெயோ திரும்பிப் பார்ப்பதற்குள் நாலு பேருமே சிரித்துவிட்டார்கள். அவன் கையில் ஆறு முட்டையும் ஒரு துண்டு சலாமியும் இருந்தன. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கான விடுமுறைத் திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கே கடை வானொலி தெரு முழுக்க அலறிக்கொண்டிருந்தது.

"எதுக்குடா சிரிக்கிறீங்க?"

"உனக்குத் தெரியாதா? வானொலியில மூணு தடவை சொல்லிட்டான். நேத்து எட்டாவது சுற்றுல வந்த பந்து ஹிட் இல்லையாம். உன் பிழையாம். தீர்ப்பை மாத்திட்டாங்க."

எலிசெயோவின் கையில் இருந்த முட்டை ஒன்று நசுங்கியது.

"பாத்தியா, முட்டையும் வழுக்குது!" என்றான் இன்னொருவன்.

ஹபோன் என்றால் சோப்பு. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், பத்தொன்பது வயதில், சான் தெல்மோவின் அரிவாள் பேஸ்பால் அணிக்காக எலிசெயோ ஆடிய முதல் ஆட்டத்தில் மூன்று பந்துகள் அவன் கையிலிருந்து வழுக்கின. அன்று சாயங்காலமே ஊர் பெயர் வைத்துவிட்டது. சான் தெல்மோவில் பாதிரியார் வைக்கும் பெயர் பதிவேட்டோடு சரி. ஊர் வைக்கும் பெயர்தான் சவப்பெட்டி வரைக்கும் கூட வரும்.

அவன் ஆடும் இடம் அப்படி. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே, மட்டையிலிருந்து பந்து சுடச்சுட வந்து விழுகிற இடம். அமெரிக்காவில் பேர் தெரியாத ஊர்களின் அணிகளுக்கு ஏழு வருடம் பேருந்திலேயே தூங்கி ஆடினான். பெரிய லீக்கில் நாற்பத்தியொரு நாள் இருந்தான். பிறகு ஒரு காகிதத்தை நீட்டித் திருப்பி அனுப்பினார்கள். கை வேகம், கால் வேகம், ஆனால் பிழைகள் அதிகம் என்று அதில் எழுதியிருந்தது. மற்றவர்களுக்கு எட்டாத பந்தை எட்டிப் பிடிக்கப் போகிறவனுக்குத்தான் பிழை அதிகம் வரும் என்பதை அந்தக் காகிதத்தை எழுதியவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மெக்சிகோ, நிகராகுவா, குளிர்காலம் வந்தால் சொந்த ஊர். இப்போது முப்பத்தேழு வயது. போன பருவத்திலிருந்து தொடர்ந்து அறுபத்து நாலு ஆட்டம், ஒரு பிழைகூட இல்லை. லீக்கின் பழைய சாதனையும் அறுபத்து நாலுதான். நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அறுபத்தைந்தாவது.

நேற்று இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பந்துவீச்சாளன் கோடி மெரிக்கின் பந்தை ஏழு சுற்று வரைக்கும் எவனும் ஒழுங்காக அடிக்கவில்லை. எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லாமல் ஆட்டம் முடிந்தால் அது பந்துவீச்சாளனுக்குக் கிரீடம். அந்த நேரத்தில் அதைப் பற்றி வாய் திறந்தால் தரித்திரம் பிடிக்கும் என்று யாரும் அவன் பக்கத்தில்கூட உட்காரவில்லை.

எட்டாவது சுற்றில் அந்தப் பந்து வந்தது. தரையோடு தரையாக, மூன்றாம் தளத்தின் பக்கம் ஆளில்லாத இடைவெளியை, ஆட்டக்காரர்கள் பள்ளம் என்று சொல்லும் இடத்தை நோக்கி. எலிசெயோ ஆறடி பாய்ந்தான். கையுறையின் நுனி விரலில் பந்து தட்டி நின்றது. மண்டியிட்டபடியே எடுத்து எறிந்தான். அரை எட்டு முந்திக்கொண்டு ஓடியவன் தளத்தை மிதித்துவிட்டான்.

அவன் தளம் சேர்ந்தது அடித்தவனின் திறமையாலா, தடுத்தவனின் தவறாலா? திறமையென்றால் ஹிட், தவறென்றால் பிழை. அதைச் சொல்வது மேலே கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர். பலகையில் ஹிட் என்று விளக்கு எரிந்தது. கோடியின் கிரீடம் போனது, கூட்டம் ஊளையிட்டது. ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் தோழர்கள் எலிசெயோவின் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டினார்கள். அறுபத்தைந்து!

அந்த ஒரே ஹிட் பிழையானதும் கோடிக்குக் கிரீடம் திரும்பிவிட்டது. எலிசெயோவுக்கு இன்று காலை அறுபத்தைந்து இல்லை. எதுவுமே இல்லை.

உடைந்த முட்டையைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்தான். மனைவி நெரெய்தா வாழைக்காய் மசித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டுவிட்டிருந்தாள்.

"மாத்தினது யாரு?" என்றாள்.

"ஸ்கோரர்தான் மாத்த முடியும்."

"ஸ்கோரரா? நம்ம புள்ளையக் கையில ஏந்தின மனுஷன்னு சொல்லு! என்ன தைரியம்! போ. போய்க் கேட்டுட்டு வந்து சாப்பிடு."

ஸ்கோரர் நபோ இரண்டு தெரு தள்ளி இருந்தான். பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினொரு வருடமாக அந்தக் கண்ணாடிப் பெட்டி அவனுடையது. சின்ன வயதில் இருவரும் ஒரே மாமரத்தில் திருடியவர்கள், ஒரே பெண்ணுக்குக் கடிதம் எழுதியவர்கள். எலிசெயோவின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றது நபோதான். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. கொம்பாத்ரே ஆகிவிட்டால் 'நீ' கிடையாது, 'நீங்க'தான். கொம்பாத்ரேக்கள் சண்டை போட்டால் ஞானஸ்நானத் தண்ணீரைக் காலால் மிதித்த பாவம் என்பார்கள். ஒன்பது வருடமாக இருவரும் அப்படித்தான் பேசிவந்தார்கள், குடித்திருக்கும்போதுகூட.

"வாங்க கொம்பாத்ரே," என்றான் நபோ. கண்ணைப் பார்க்கவில்லை. "காப்பி போடச் சொல்லட்டுமா?"

"காப்பி இருக்கட்டும். நேத்து எட்டாவது சுற்றுல நீங்க என்ன பாத்தீங்க?"

"ஹிட் பாத்தேன்."

"ராத்திரி என்ன பாத்தீங்க?"

நபோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். "தோன் ஃபாபியோ வீட்டுக்கு வந்தாரு. வீடியோவைப் போட்டுப் போட்டுக் காட்டினாரு. பந்து உங்க கையுறையில படறது தெளிவாத் தெரியுது."

தோன் ஃபாபியோ அரிவாள் அணியின் மேலாளர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி.

"பட்டுது! ஆறடி பாஞ்சதால பட்டுது! வேற எவனாவது நின்னிருந்தா அவன் நிழல்லகூடப் பட்டிருக்காது. அப்ப அது ஹிட். நான் எட்டிட்டேன், அதனால பிழை. இதென்னய்யா நியாயம்? நல்லா ஆடினதுக்கு அபராதமா?"

"கொம்பாத்ரே, கொஞ்சம் மெதுவா..."

"மெதுவா எதுக்கு? தெரு முழுக்க வானொலியில கேட்டாச்சு. வீடியோ பாத்துதான் மாத்தினீங்களா? என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

நபோ கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"இல்ல. வீடியோவுக்கு நான் அசையல. அப்புறம் அவரு ஒண்ணு சொன்னாரு. 'ஊரே சிரிக்குது வாத்தியாரே, கொம்பாத்ரேவுக்குச் சாதனையப் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாருன்னு'. பதினோரு வருஷத்துல என்னைப் பாத்து ஒருத்தன் விரல் நீட்டினதில்ல, கொம்பாத்ரே. ஒருத்தன்கூட. என்னால தாங்க முடியல."

"ஓகோ. உங்க பேருல அழுக்குப் பட்டுடக் கூடாது. அதைத் துடைக்க என் பேரு கெடச்சுதாக்கும்?"

நபோ மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்து நேராக வைத்தான்.

"இன்னொண்ணு கேக்கறேன். எம் பொண்ணை ஏந்தின நாள்லேருந்து, சந்தேகமான பந்து எனக்கு எத்தனை வந்திருக்கும்? அதுல எத்தனையை என் பக்கம் எழுதினீங்க?"

கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. அது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. "சந்தேகம் வந்தா... உங்களுக்கு எதிராத்தான் போடுவேன். யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதேன்னு."

எலிசெயோ மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். ஒன்பது வருடம்! அவன் பெயருக்கு நேராக விழுந்த பிழைகளில் பாதி, ஒரு யோக்கியனின் பயத்தால் விழுந்தவை. எதிரியாக இருந்திருந்தால்கூட நியாயம் கிடைத்திருக்கும்.

"நபோ," என்றான். "நீ ஒரு கோழை."

சமையலறையில் கரண்டி விழுந்தது. நபோவின் மனைவி வாசலில் வந்து நின்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒன்பது வருடம் கழித்து அந்த வீட்டில் அந்த 'நீ' கேட்டது, கன்னத்தில் அறைந்த மாதிரி.

"கொம்பாத்ரே..."

"கொம்பாத்ரேங்கிறதுதானே பிரச்சினை? இந்தா, எடுத்துட்டேன். இப்ப நான் யாரோ ஒருத்தன். யாரோ ஒருத்தனுக்குக் குடுக்கற நியாயத்தை எனக்குக் குடு. ஆட்டம் முடிஞ்சு இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள ஸ்கோரர் தீர்ப்பை மாத்தலாம். அது உன் விதிப் புத்தகத்துலயே இருக்கு. இன்னிக்கு ஏழு மணி வரைக்கும் நேரமிருக்கு."

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தான். செய்தது பாவமா என்று நின்று யோசிக்கவில்லை.

நாலு மணி ஆட்டத்துக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. வாசலிலேயே சட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். நெஞ்சில் பெரிய பூஜ்யம், அதன் கீழே கோடி மெரிக்கின் பெயர். ஒரே ராத்திரியில் இவ்வளவு சட்டை அச்சடிக்க முடியுமென்றால், அச்சகத்துக்குச் சொன்னது தீர்ப்பு மாறிய பிறகா, அதற்கு முன்பா?

நேரே தோன் ஃபாபியோவிடம் போய் அதையே கேட்டான்.

தோன் ஃபாபியோ அவன் தோளில் கை போட்டார். "ஹபோன், ஹபோன். அணிதாம்பா பெருசு."

"அணி நேத்து மூணுக்குப் பூஜ்யத்துல ஜெயிச்சுது, தோன் ஃபாபியோ. அது நேத்தும் அதான், இன்னிக்கும் அதான். மாறினது என் பேரு மட்டுந்தான்."

"இந்தப் பையனைப் பாக்க மியாமிலேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. இந்த மைதானத்துல இப்படி ஒரு ஆட்டம் நடந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. ஊருக்கே பெருமை. உனக்கு வயசு முப்பத்தேழு. அறுபத்தஞ்சை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறே? சட்டம் போட்டு மாட்டப் போறியா?"

"ஆமா. மாட்டத்தான் போறேன். மாட்டினா உங்க சுவரா இடியப் போவுது?"

தோன் ஃபாபியோ கையை எடுத்துக்கொண்டார்.

ஆட்டத்துக்கு முன் பாராட்டு விழா. கோடி கேடயத்தை வாங்கிக்கொண்டு வரிசையாக எல்லோரிடமும் கைகுலுக்கியபடி வந்தான். எலிசெயோவிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினான். தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஊர்ப் பேச்சில் சொன்னான்: "அது ஹிட். மன்னிச்சுக்கோ." சொல்லிவிட்டுப் புகைப்படக்காரனின் பக்கம் திரும்பிப் பல் தெரியச் சிரித்தான்.

எலிசெயோ தன் இடத்துக்குப் போய் நின்றான். பற்றிக்கொண்டு எரிந்தது. தொட்டால்தானே பிழை? தொடாவிட்டால்?

முதல் சுற்றிலேயே அவனுக்கு வலது பக்கம் இரண்டு எட்டுத் தூரத்தில் ஒரு பந்து போனது. நேற்றென்றால் விழுந்து தடுத்திருப்பான். இன்று பார்த்துக்கொண்டு நின்றான். பந்து புல்லுக்குப் போனது. பலகையில் ஹிட். எலிசெயோ தலையை உயர்த்திக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கையுறையைத் தட்டினான். சபாஷ்.

இரண்டாம் சுற்றில் இன்னொன்று. மறுபடி நின்றான். மறுபடி ஹிட். கூட்டம் முதலில் சீட்டியடித்தது. பிறகு புரிந்துகொண்டு சிரித்தது. எதிரணிக்காரர்களுக்கும் புரிந்தது.

"சோப்பு இன்னிக்குக் கட்டியா உறைஞ்சுபோச்சுடா! அந்தப் பள்ளத்துலயே அடி!" என்று அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கூவினான். அடித்தார்கள். நாலாவது சுற்றுக்குள் ஐந்து ஹிட், இரண்டு ஓட்டம்.

பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "ஓட மாட்டியா?"

"ஓடினா தொட்டுடுவேன். தொட்டா பிழை. எனக்கெதுக்கு வம்பு?"

"இன்னொரு பந்தை விட்டே, வெளிய உக்காந்துக்கோ."

பெஞ்சில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றைய பந்துவீச்சாளன் ஒத்தோனியேல். முப்பத்தைந்து வயது இடக்கையன். முழங்கையில் இரண்டு அறுவைசிகிச்சைத் தழும்பு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே பார்த்தபடியே பேசினான்.

"உனக்கு நடந்தது அக்கிரமம். காலையில கேட்டதும் எனக்கே கொதிச்சுது."

"தெரியும்."

"நீ விடற பந்தை எங்க எழுதறாங்க, அது தெரியுமா? என் பேருக்கு நேரா. அஞ்சு. வர்ற வெள்ளிக்கிழமை நம்ம அணியிலேருந்து ரெண்டு பேரைக் கழிக்கப் போறாங்க. தோன் ஃபாபியோவை அடிக்கறதா நெனச்சு என்னைப் போட்டு அடிச்சிட்டிருக்கே. அவரு பாரு, அங்க உக்காந்து பழரசம் குடிக்கறாரு."

எலிசெயோ தோன் ஃபாபியோவைத் திரும்பிப் பார்த்தான். நேற்று தன் உழைப்பை எடுத்து இன்னொருவன் கணக்கில் எழுதினார்கள் என்றுதானே காலையிலிருந்து கொதிக்கிறான்? அதையேதான் அவனும் செய்துகொண்டிருந்தான், ஐந்து தடவை, கைகளைக் கட்டிக்கொண்டு. அவனுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அது மற்ற கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

ஆறாவது சுற்று. எதிரணியின் மட்டையாளன் வெளிப்படையாகவே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கேதான் அடித்தான். தரையோடு தரையாக, நேற்றைய பந்தைவிட வேகமாக.

எலிசெயோ பாய்ந்தான்.

மண் வாயில் அடித்தது. கையுறையின் நுனியில் பந்து தட்டி நின்றது. மண்டியிட்டு எடுத்து எறிந்தான். ஓடியவனின் கால் அரை எட்டு முந்தியது.

நேற்று வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் இன்றும் வந்திருந்தார்கள். ஒரே பந்தை இரண்டு தடவை பார்த்தது போல் இருந்தது அவர்களுக்கு. மெல்ல ஒவ்வொரு தலையாகத் திரும்பிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தது. பலகையில் எதுவும் எரியவில்லை.

"வாத்தியாரே, கணக்கைப் போடுய்யா!" என்று மேல்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். நெரெய்தாவின் குரல் மாதிரி இருந்தது. நெரெய்தாவேதான்.

தோன் ஃபாபியோ பழரசத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

பலகையில் விளக்கு எரிந்தது. ஹிட்.

பிறகு எங்கிருந்தோ ஒருவன் ஆரம்பித்தான்: "அப்ப நேத்து?" பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். வரிசை வரிசையாகப் பரவியது. "அப்ப நேத்து? அப்ப நேத்து?" காலால் பலகைகளை உதைத்துக்கொண்டு, முரசு அடித்துக்கொண்டு, பூஜ்யம் போட்ட சட்டையை வாங்கிப் போட்டிருந்தவர்கள்கூட.

ஒத்தோனியேல் பந்தை வாங்க வந்தான். "ஆறு," என்றான் சிரித்துக்கொண்டே. "இது பரவால்ல, வெச்சுக்கறேன். இது நேர்மையான ஹிட்டு."

தோன் ஃபாபியோ படியேறிப் பெட்டிக்குப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெள்ளைக் காலணியால் அவர் அதை உதைத்ததையும் பார்த்தார்கள். உள்ளே நபோ தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். ஏழு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. நேற்றைய எட்டாவது சுற்றுப் பந்து மீண்டும் ஹிட்டாகப் பதியப்பட்டதாக அறிவிப்பாளன் சொன்னான். சொல்லி முடிக்க விடவில்லை கூட்டம்.

அரிவாள் அணி அந்த ஆட்டத்தில் தோற்றது.

எலிசெயோ குளித்துவிட்டுப் பையோடு வெளியே வந்தபோது, வீரர்கள் வாசலில் நபோ நின்றிருந்தான். கையில் பென்சில் டப்பா.

"மாத்திட்டேன், கொம்பாத்ரே. இருபது நிமிஷம் இருந்துச்சு."

"நேத்தே அது ஹிட்டுதான்."

"என்னை வேலையிலேருந்து தூக்கிட்டாங்க. நாளையிலேருந்து பெட்டியில வேற ஆள்."

எலிசெயோவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது.

"எங்கிட்டேருந்து நன்றின்னு ஒரு வார்த்தை எதிர்பாக்காதே நபோ. எடுத்ததைத் திருப்பி வெச்சவனுக்கு எவனும் மாலை போடறதில்ல. ஒன்பது வருஷப் பிழை இன்னும் அங்கயேதான் இருக்கு. அதை எந்த ஒலிபெருக்கியில மாத்துவே?"

நபோ தலையைக் குனிந்துகொண்டான். "நன்றி கேக்க எனக்கு வாயில்ல."

"ஆனா சரியா எழுதினதுக்காக ஒருத்தனை வேலையிலேருந்து தூக்கறது அதைவிட அநியாயம். காலையில எட்டு மணிக்கு தோன் ஃபாபியோ ஆபீஸ் வாசல்ல போய்க் கத்தப் போறேன். ஒத்தோனியேலும் வர்றான். நெரெய்தாவைத் தடுத்தாலும் நிக்க மாட்டா."

"நானும் வரட்டுமா?"

எலிசெயோ பையைத் தோளில் மாட்டினான்.

"வா. ஆனா எதிர்ப் பக்கத்து நடைபாதையில நில்லு. கொம்பாத்ரேங்கிறதாலதான் கத்தறேன்னு எவனாவது சொல்லிடப் போறான்."